பார்ட்ஸ் கேட்க முன் சேசி நம்பரை அனுப்புங்கள்

ஜப்பான் காருக்கு ஒரு சாமான் மாற்ற வேண்டுமென்றால் திருகோணமலையில் அடிக்கடி கிடைக்கும் பதில், "கொழும்பில இருந்துதான் எடுக்கோணும் அண்ணை." கொழும்பில் வாகன சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். பிழையான சாமான் வந்துவிட்டால் அனுப்புகூலியே கையைக் கடிக்கும்.

என் வேகன் ஆரின் முன் லைட் உடைந்தபோது கடைக்காரரிடம் "வேகன் ஆர்" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் வந்த பெட்டியைப் பிரித்தால் எம்எச்44 என்ற மொடலின் லைட். என்னுடையதோ எம்எச்55. பெயர்தான் ஒன்று, முகமே வேறு. பிழை என்னுடையதுதான்.

ஆகவே, விலை கேட்க முன் சேசி நம்பரை, அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணை, படமெடுத்து அனுப்புங்கள். அதில் கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் மொடலைச் சொல்லும். கழற்றிய பழைய சாமானை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் பார்ட் நம்பரும் பெரும்பாலும் தெரியும். டொயோட்டா என்றால் பெரும்பாலும் 5 இலக்கம், ஒரு கோடு, மீண்டும் 5 இலக்கமோ எழுத்தோ. அப்புறம் ஒரிஜினல் புதிது, ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷன், வேறு கம்பனித் தயாரிப்பு என மூன்றுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள், இரண்டு மூன்று கடையிலாவது. பம்பர், பக்கக் கண்ணாடிக்கெல்லாம் ரீகண்டிஷனே போதும் என்பேன். பிரேக் சாமானில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். நம்மூர் உப்புக்காற்றில் துருப்பிடிப்பது வேறு.

மின்சாமானைத் திருப்பி எடுப்பார்களா என்று காசு போடுமுன் கேட்டுவிடுங்கள். புதியதைப் பூட்டி முடியும்வரை பழையதைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.