தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே 300 கி.மீ. என்று இணையத்தில் பார்த்ததும், ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ. என்று வைத்து வகுத்துப் பார்க்கிறோம். 22 நிமிடம் வருகிறது. டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். நம்ப வேண்டியது டிக்கெட்டைத்தான்.

விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறை வரும்வரை காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறைகிறதே என்று இவை குறைவதில்லை. மேலும், 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கி.மீ.தான் வேக வரம்பு. குறுகிய பயணத்தில் ஜெட் தன் முழு வேகத்தில் பறப்பதே சில நிமிடங்கள்தான். அதனால் மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற விசிறி (புரொப்பல்லர்) விமானம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 300 கி.மீ. பயணத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கால் மணி நேரத்துக்குள்தான்.

காற்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 80 கி.மீ. எதிர்காற்று இருந்தால் 400 கி.மீ. கடக்க 57 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 41 நிமிடம் போதும். போகும்போது ஆன நேரமே திரும்பும்போதும் ஆகும் என்று எண்ணக் கூடாது.

அலகையும் கவனியுங்கள். வெறும் 'மைல்' என்று இருந்தால் அது 1.609 கி.மீ. தரை மைலா, 1.852 கி.மீ. கடல் மைலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நேரத்தை வந்து சேரும் நேரத்திலிருந்து கழிப்பதும் சில இடங்களில் ஏமாற்றும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் விமான நிலையம் குயின்ஸ்லாந்து நேரப்படி இயங்குகிறது. சிட்னியில் கோடைக்காலத்தில் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். அந்த மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம், கோல்டு கோஸ்டிலிருந்து சிட்னிக்குப் போகும்போது இரண்டரை மணி நேரம் போலவும் திரும்பும்போது அரை மணி நேரம் போலவும் தோன்றும்.

விமான நிலையத்தின் பெயரில் ஒரு நகரம் இருப்பதால் அது அந்த நகரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ்-போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. தள்ளி இருக்கிறது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட அதிகம் சிக்கலில் மாட்டிவிடுவது வேறு. இணையக் கணிப்பான் நேர்க்கோட்டுத் தூரத்தைக் காட்டும். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று சொல்லாது. சிறிய விமான நிலையங்களுக்கு இடையே பல சமயம் நேரடி சேவையே இருக்காது. பெரிய நிலையம் ஒன்றில் இறங்கி மாற வேண்டும். அப்போது இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் இடம் தர இரண்டாவது நிறுவனம் பொதுவாகக் கடமைப்படாது. பெட்டியையும் பெரும்பாலும் நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.