எக்ஸ்எஸ்எல்டில டோட்டல் ஏன் சைபர்லயே நிக்குது?

மலேசியா சுங்கை சிப்புட்ல எங்க பிரிண்டிங் கடைக்கு பக்கத்துத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செம்பனைக் குலை எடைக் கணக்க எக்ஸ்எம்எல்லா, அதாவது டேக் போட்ட டேட்டா ஃபைலா, அனுப்பி வைப்பாரு, அத எக்ஸ்எஸ்எல்டிங்கிற மொழிய வெச்சு டேபிளாக்கி கொடுக்கறது நம்ம வேல, புதுசா வர்ற பசங்க ஜாவா பிஎச்பின்னு பழகிட்டு எக்ஸ்எஸ்எல்டிய தொட்டதும் முட்டிக்கிற எடம் ஒண்ணுதான்: டோட்டல் ஏறவே மாட்டேங்குது.

காரணம் சிம்பிள் லா. இதுல வேரியபிளுக்கு ஒரு தடவ வேல்யூ வெச்சா வெச்சதுதான், மாத்த முடியாது. ஒவ்வொரு ஆளா எடுத்து சுத்துற ஃபார்-ஈச்சுக்கு வெளிய $மொத்தம் சைபர்னு வெச்சிட்டு, உள்ள அதே பேர்ல $மொத்தம் + எடைன்னு போட்டா அது பழசு இல்ல, புது வேரியபிள், மூடுற டேக் வந்ததும் செத்துரும், அடுத்த ஆளுக்கு மறுபடி சைபர்லேந்து ஆரம்பம். 1999ல வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 ஒரே டெம்ப்ளேட்டுக்குள்ள (விதி எழுதி வெக்கிற ஒரு துண்டு) இப்படி பேர திரும்ப வெச்சா தப்புங்கும். 2007ல வந்த 2.0 அத விட்டுருச்சு, சத்தமே இல்லாம தப்புக் கணக்கு வரும், அதுக்கு எரர் வர்றதே தேவல.

அதனால கூட்டணும்னா சுத்தவே சுத்தாதீங்க, செலக்ட்ல நேரா சம்(//ஆள்/எடை)ன்னு கேளுங்க, முடிஞ்சிச்சு. எடைய ரேட்டால பெருக்கி கூட்டணுமா, 2.0க்கு மேலன்னா சம்(//ஆள்/(எடை * ரேட்))னு ஒரே வரி. ப்ரௌசர், எக்ஸ்எஸ்எல்டிய ஓட்டற எக்ஸ்எஸ்எல்டிபிராக்ங்கிற சாஃப்ட்வேர் ரெண்டுக்கும் 1.0 மட்டும்தான் தெரியும், அங்க பேர் வெச்ச டெம்ப்ளேட் ஒண்ணு எழுதி, அது தன்னையே கூப்பிட்டு, இதுவரைக்கும் வந்த தொகைய பாராமீட்டரா அடுத்த ஆளுக்கு கடத்தணும். சாக்சன் மாதிரி சாஃப்ட்வேர்ல 3.0 ஓட்டறவங்களுக்கு இட்டரேட்னு ஒரு டேக் தனியாவே இருக்கு, முந்தின சுத்தோட தொகைய அது அடுத்த சுத்துக்கு கொண்டு போகும், அதப் பழகிக்கிட்டா நிம்மதி.

இஃப்க்குள்ள வேரியபிள் வெச்சிட்டு வெளிய தேடுறதும் இதே கததான். திருப்பிப் போடுங்க, வேரியபிள வெளிய தொறந்து, நிபந்தனை பாக்குற சூஸ் டேக்க அதுக்குள்ள வையுங்க.

கூட்டுத்தொகை எடத்துல நான்-னு, அதாவது நம்பரே இல்லன்னு வந்தா மொதல்ல டேட்டாவ பாருங்க. லீவு போட்ட ஆளுக்கு எடைய காலியா விட்டிருப்பாங்க, இல்லன்னா 1,250ன்னு கமா போட்டு அடிச்சிருப்பாங்க, அந்த ஒரு ஆளால மொத்த டோட்டலும் போயிரும் (2.0ல எரராவே நின்னுரும்). சம்(//எடை[நம்பர்(.) = நம்பர்(.)])னு போட்டா நம்பரா இல்லாதத ஒதுக்கிரும், ஆனா கமா போட்ட 1,250 நெசமாவே வெட்டுன எடை, அதையும் சேத்து தூக்கிரும், குலை வெட்டுனவரு காசு அது, அதனால கமாவ டிரான்ஸ்லேட்னு இருக்கிற ஃபங்ஷன வெச்சு முன்னாடியே எடுத்துருங்க.

எல்லா வரியிலும் ஒரே ஆளு பேரு வருதா? ஃபார்-ஈச்சுக்குள்ள //பேர்னு எழுதியிருப்பீங்க. ரெண்டு சாய்கோடு போட்டு ஆரம்பிச்சா ஃபைலோட உச்சியிலேந்து தேடும், 1.0ல மொத ஆளு பேரு மட்டும் வரும், 2.0ல எல்லாரு பேரும் ஒரே செல்லுல வந்து குவியும். வெறும் பேர்னு போடுங்க.

கிலோன்னு எழுத்த வெச்ச வேரியபிள் காலியா வந்தா செலக்ட்டோட ரெட்டை மேற்கோளுக்குள்ள இன்னொரு ஒத்தை மேற்கோள் போடலன்னு அர்த்தம், கிலோங்கிற எலிமெண்ட்ட அது தேடிக்கிட்டு இருக்கு.

ஃபார்-ஈச் ஒரு தடவகூட ஓடலன்னா மேல மெசேஜ் டேக்ல கவுண்ட்(//ஆள்) போட்டுப் பாருங்க. கண்ணு முன்னாடி நாப்பது ஆளு இருந்தும் சைபர் வந்தா முக்கால்வாசி நேம்ஸ்பேஸ்தான் (டேக் பேரெல்லாம் எந்தக் குடும்பம்னு சொல்ற முகவரி), எக்ஸ்எம்எல்லோட மொத டேக்ல எக்ஸ்எம்எல்என்எஸ்னு இருக்கும், அதே முகவரிய ஸ்டைல்ஷீட்லயும் ஒரு ப்ரீஃபிக்ஸோட (பேருக்கு முன்னாடி வர்ற 'து' மாதிரி சின்னப் பேரு) சொல்லிட்டு து:ஆள்னு எழுதுனா ஓட ஆரம்பிச்சிரும்.