வாய் நாற்றம் ஈறிலிருந்து வருகிறதா? மோந்தே கண்டுபிடிக்கலாம்

உள்ளங்கையில் ஊதி மோந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஓயாமல் வரும் வாடையை மூக்கு சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எதிரே நிற்பவர் முகம் சுளித்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம். வாடையை வாய்க்கு வெளியே எடுத்து, இடம் இடமாக மோந்தால் அதே மூக்கு ஒழுங்காக வேலை செய்யும்.

காலையில் எழுந்ததும் வேண்டாம். தூக்கத்தில் எச்சில் குறைவதால் அப்போது யார் வாயும் நாறும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள்.

1. நாக்கு. ஸ்பூனைக் கவிழ்த்து, நாக்கின் பின்பகுதியை மெதுவாக வழித்து மோந்து பாருங்கள்.

2. பல்லிடுக்கு. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். டென்டல் ஃப்ளாஸ் நூல் வாங்கும்போது வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். மின்ட் பூசியதில் மின்ட் மட்டும்தான் மணக்கும். கடைவாய்ப் பற்களில் ஓர் இடுக்குக்குள் விட்டு, ஈறோரம் வரை இறக்கி, பல்லை ஒட்டி மேலும் கீழும் தேய்த்து எடுங்கள். மோந்து பாருங்கள், நூலில் ரத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த இடுக்குக்குப் புது நூல். நடுவே அரை நிமிடம் நல்ல காற்றை இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது இடுக்கிலேயே மூக்கு மழுங்கிவிடும். எந்த இடுக்கு நாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டைக்கோஸ் போல வருவது மீத்தைல் மெர்காப்டன். ஈறு நோயில் இது கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய மெனக்கெட வேண்டாம்.

3. நாக்கு மட்டும் நாறினால் தினமும் வழித்தாலே பெரும்பாலும் தீரும். ஒரே ஓர் இடுக்கு நாறினால் சொத்தையோ உடைந்த ஃபில்லிங்கோ இருக்கலாம். பல இடுக்குகளில் நாற்றத்தோடு ரத்தமும் வந்தால் ஈறைத்தான் கவனிக்க வேண்டும்.

4. மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் நூலைவிட இடைப்பல் பிரஷ்தான் என் கட்சி. திணிக்காமல் நுழையும் அளவு போதும். ரத்தம் கண்டு நிறுத்திவிடாதீர்கள். வெறும் ஈறு வீக்கம் என்றால் ஓரிரு வாரத்தில் கசிவு குறைந்துவிடும். குறையாவிட்டால் பல் மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 4, 5 என்று ஏறினால் அங்கே பிரஷ் எட்டாது. கெட்டியான பற்காரையும் வீட்டில் பெயராது. அதை மருத்துவர் சுரண்டி எடுப்பதுதான் ஸ்கேலிங். அதைச் செய்தால் பல் ஆடும் என்பது வெறும் புரளி.

குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நீட்டித்தால் பல்லில் கறை படியும், நாக்கு ருசியும் மாறும்.

பின்சேர்க்கை: "எதிலுமே வாடை இல்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதலில் ஒரு சோப்பை மோந்து பாருங்கள். அதுவும் மணக்காவிட்டால் சளியோ வைரஸ் காய்ச்சலோ மோப்பத்தைக் குறைத்திருக்கலாம். வீட்டில் ஒருவரிடம் நூலைக் கொடுத்துக் கேளுங்கள். சோப்பே அழுகல் வாடை அடித்தால் வாயைக் குறை சொல்ல வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். புகைபிடிப்பவர்கள் மட்டும் ரத்தம் வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம்: புகை ஈறுக் கசிவை மறைத்துவிடும், உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும்.