கடலூர்ப் பக்கத்து ஊருக்கு வரலாறு தேடுகிறீர்களா?

அண்ணாமலை நகரிலிருந்து ஆய்வேடு எழுத வரும் பிள்ளைகள், "ஐயா, எங்கள் ஊர் எத்தனை ஆண்டு பழையது?" என்றுதான் தொடங்குவார்கள். தாலுகா ஆபீஸ் பதிவறையில் தூசு தின்று ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கேள்வியில் ருசி இல்லை. ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று கேளுங்கள். காகிதம் அவர்கள் பின்னால்தான் போயிருக்கும். பாகூர் வழியாகப் போனால் ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்தது கடலூர், அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. இரண்டு ஊருக்கும் ஒரே ஏரித் தண்ணீராக இருக்கலாம், ஆவணம் ஒரே இடத்தில் இருக்காது.

வேலையை வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள். பழைய பத்திரத்தில் ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. 'விபவ ௵' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். 60 ஆண்டுச் சுழற்சியில் அது 1868 ஆகவும் இருக்கலாம், 1928 ஆகவும் இருக்கலாம். முத்திரைத் தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள்: விக்டோரியா என்றால் முந்தையது, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் பிந்தையது. பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்காண்டு, போட்டிருந்தால் இன்னும் நல்லது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். ஜனவரி முதல் ஜூன் வரையான தேதிக்கு 591. பசலி 1338 என்றால் 1928 ஜூலை முதல் 1929 ஜூன் வரை.

பிறகு கிராமத்து நிலங்களையெல்லாம் சர்வே எண் வாரியாகக் காட்டும் 'அ' பதிவேடு. எல்லோரும் பட்டாதாரர் பெயரைத்தான் பார்ப்பார்கள். நான் புறம்போக்கைப் பார்க்கச் சொல்வேன். மந்தைவெளி, களம், சுடுகாடு, தூர்ந்துபோன வாய்க்கால், இடிந்த சத்திரம் எல்லாம் அந்த வரிகளில்தான் ஒளிந்திருக்கும்.

ஆங்கிலேயர் ஆண்ட ஊர் என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியதிலிருந்து அவர்கள் எழுதிக் குவித்தார்கள். ஆனால் அங்கே போய்க் 'கடலூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 1993 வரை இது தென்னாற்காடு. 1878-இல் வந்த தென்னாற்காடு மாவட்டக் கையேட்டையும் 1906-ஆம் ஆண்டு கெசட்டியர் என்ற மாவட்ட விவரச் சுவடியையும் முதலில் புரட்டி, உங்கள் ஊரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினமே பழைய ஏடுகளில் 'தெக்னபட்டம்' என்றுதான் கிடக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்றால் புதுச்சேரி லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பலவற்றை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சுக் காப்பகம் இணையத்திலேயே போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். தேதியைப் பெரும்பாலும் எழுத்தால் எழுதியிருப்பார்கள், எனவே பிரெஞ்சு எண்ணுப் பெயர்களையாவது படித்துக்கொண்டு உட்காருங்கள். இன்னொன்று: 1881 ஆணைக்குப் பிறகு, தம் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறப்பேட்டில் இருந்தவர் இறப்பேட்டில் காணாமல் போனால், தகப்பன் பெயரைப் பிடித்துத் தேடுங்கள்.

எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் துறைத் தலைவர் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பேனா பையிலேயே கிடக்கட்டும், பென்சில் போதும். கட்டு எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பின் தலையில் எழுதிவிட்டுத்தான் முதல் வரியை நகலெடுக்க வேண்டும்.