படத்தைப் பாதியில் நிறுத்துங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் பள்ளிகளில் ஆலோசனை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஆன்லைன் ஆபத்து பற்றி அறிவுரையை ஆரம்பித்தாலே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு குறும்படம் போடுங்கள். முதலில் நீங்கள் முழுதாகப் பார்த்துவிடுங்கள். தற்கொலையையோ அத்துமீறலையோ அப்பட்டமாகக் காட்டும் படம் வேண்டவே வேண்டாம்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படத்தில் ஒரு பெண்ணிடம் முகம் தெரியாத இன்ஸ்டா நண்பன், "ஒரே ஒரு போட்டோ அனுப்பு, பார்த்துட்டு அழிச்சிடுறேன்" என்கிறான். அவள் கட்டைவிரல் திரைமேல் நிற்கிறது. அங்கே நிறுத்துங்கள். "நீ என்ன செய்வாய்?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "இந்தப் பெண் ஏன் தயங்குகிறாள்? யாரிடம் சொல்லலாம்?" என்று கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் பதில் வாங்கினால் இன்னும் நல்லது. பையன்களும் மாட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

அப்புறம் யாராவது தனியாக வந்து பேசினால், "வெளியே சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் தெரியவந்தால் தகவல் கொடுப்பது கட்டாயம். போனில் உள்ள சாட் உரையாடலை அழிக்கச் சொல்லாதீர்கள், அதுதான் சாட்சி. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பணம் கேட்டு மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

பெற்றோருக்கும் அதே படத்தைப் போடலாம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால், பள்ளி திறந்த கையோடு கூட்டம் வைத்தால் அவற்றில் கடலுக்குப் போகும் அப்பாக்களும் கரையில் இருப்பார்கள்.