ஒயிட் ஆற்றில் மார்ச், ஏப்ரல்: அணைத் திறப்பைப் பார்த்து ட்ரவுட் பிடிப்பது

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஒயிட் ஆற்றில், புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே தூண்டில் போடப் போகிறவர் வானிலையைப் பார்க்கும் முன் டர்பைன் அட்டவணையைப் பார்க்க வேண்டும். 1951-ல் கட்டி முடித்த இந்த அணையில் 8 டர்பைன்கள் உள்ளன. ஏரியின் ஆழத்துக் குளிர்ந்த நீர் வெளிவருவதால்தான் இந்தத் தெற்கு மாநிலத்தில் குளிர்நீர் மீனான ட்ரவுட் பிழைக்கிறது. ஒரு டர்பைன் முழுதாக ஓடினால் விநாடிக்கு 3,000 கன அடிக்கு மேல் நீர் வரும். மேட்டூர்ச் செய்திகளில் நாம் படிக்கும் அதே கன அடிதான். நாலைந்து டர்பைன் ஓடும்போது, காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் மாலையில் நிற்கவே முடியாது.

மறுநாளுக்கான மின் உற்பத்தி அட்டவணையை, அணையின் மின்சாரத்தை விற்கும் அரசு அமைப்பான சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் மணிவாரியாக மெகாவாட்டில் வெளியிடுகிறது. 40 முதல் 50 மெகாவாட்டை ஒரு டர்பைன் என்று கணக்கு வையுங்கள். இது முன்கணிப்பு மட்டுமே. திடீர்க் குளிர் வந்து மின்தேவை ஏறினால் மாறிவிடும். அதனால் கிளம்பும் முன், அணையை இயக்கும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் இணையதளத்தில் உண்மையான வெளியேற்றத்தையும் பாருங்கள். திறந்த நீர் மணிக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மைல் வேகத்தில் கீழே போகும். அணையிலிருந்து 12 மைல் தள்ளி நிற்பவருக்கு அது வந்துசேர 3, 4 மணி நேரமாகும். திறப்பு பெரிதானால் இன்னும் சீக்கிரம் வரும். நிறுத்திய பிறகு நீர் வடிவதோ, ஏறியதைவிட மெதுவாக நடக்கும்.

வசந்தத்தில் புதியவர்களைக் குழப்புவது மழைதான். பெருமழைக்கு மறுநாள் ஆறு கரைபுரளும் என்று நினைத்துப் போனால், அணைக்குக் கீழே தெளிந்த நீர் குறைவாக ஓடும். கீழே நியூபோர்ட் ஊரில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது வெள்ளத்தைக் கூட்டாமல் இருக்க, அணை நீரைப் பிடித்து வைக்கும். அந்த இடைவெளி கரையிலிருந்து இறங்கி மீன் பிடிப்பவருக்கு நல்ல வாய்ப்பு. நியூபோர்ட்டில் மட்டம் இறங்கியதும் தேக்கிய நீரை நாள்கணக்கில், சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் திறப்பார்கள். அப்போது படகு இல்லாமல் வேலையில்லை. மழைக்குப் பின் க்ரூக்கட் க்ரீக் என்ற ஓடை சேரும் இடத்துக்குக் கீழே நீர் கலங்கிவிடும் என்பதால், அதற்கு மேலேயே இருந்துகொள்ளுங்கள்.

அணைச் சங்கு அணைக்குப் பக்கத்தில் மட்டுமே கேட்கும். எனவே ஆற்றில் இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கல் நனைந்தாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், சலசலப்பின் ஓசை மாறினாலும் உடனே கரையேறுங்கள். கார் நிற்கும் கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஆழமான ஓட்டம் இருக்கவே கூடாது. வேடர் எனப்படும் நீர்புகா உடையின் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடிப்பாகக் காலணிக்கு இந்த மாநிலத்து ட்ரவுட் நீர்களில் தடை உண்டு. ரப்பர் அடிப்பாகம் வாங்குங்கள். படகில் போனால், நீர் ஏறும்போது நங்கூரம் போடாதீர்கள். அது பாறையில் சிக்கினால் படகே மூழ்கிவிடும்.

நீர் குறைவாக இருக்கும்போது 9 அடி, 5 வெயிட் ராட் (தூண்டில் கோல்; வெயிட் என்பது லைனின் எடை எண்) போதும். லைன் நுனியில் 10 முதல் 12 அடி லீடர் என்ற மெல்லிய நரம்பு, அதன் முனையில் 6எக்ஸ் டிப்பெட் என்ற இன்னும் மெல்லிய நரம்பு கட்டுங்கள். எக்ஸ் எண் ஏற ஏற நரம்பு மெலியும். அதில் இரண்டு ஃப்ளை, அதாவது கொக்கியில் கட்டிய செயற்கைப் பூச்சி: மேலே 16ஆம் எண் சோபக், அதற்கு 18 அங்குலம் கீழே 18 அல்லது 20ஆம் எண் கருப்பு ஸீப்ரா மிட்ஜ். எண் ஏற ஏறக் கொக்கி சிறிதாகும். இண்டிகேட்டர் என்ற மிதவையை, கொக்கியிலிருந்து நீராழத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி வையுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கொக்கியில் பாசி வந்தால் ஆழம் அதிகம். ஒருமுறைகூடத் தரை தட்டாவிட்டால் குறைவு. இவற்றைவிடப் பெரிய தவறு இழுவை. நீர்க்குமிழிகளைவிட இண்டிகேட்டர் வேகமாக ஓடினால் மீன் தொடாது. லைனை உடனே எதிரோட்டப் பக்கம் தூக்கிப் போடுங்கள். ஃப்ளையை மாற்றுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியே வராது.

நீர் ஏறத் தொடங்கும் முதல் அரை மணி நேரம் இலை, சுள்ளி போன்ற குப்பை மிதந்து வரும். அதோடு தரையிலிருந்து பெயர்ந்த இரையும் வருவதால் மீன் நன்றாகத் தின்னும். அப்போது படகிலிருந்து சிவப்புப் புழு ஃப்ளையைக் கரையோரம் விடுங்கள். நீர் கூடிய பிறகு நடு ஆற்றில் ட்ரவுட் நிற்காது. கரையை ஒட்டிய மந்த நீர், விழுந்த மரம், பாறைக்குப் பின்புறம் ஆகியவைதான் இடம்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏரியில் ஷாட் என்ற சிறு இரைமீன் சாகிறதா என்று கவனியுங்கள். நீர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் த்ரெட்ஃபின் ஷாட் தளர்ந்து சாகும். பல டர்பைன்கள் ஓடும்போது அவை உறிஞ்சப்பட்டு ஆற்றில் வெள்ளையாக மிதந்து வரும். எல்லா ஆண்டும் நடக்காது. அணைக்குக் கீழே கடற்பறவைகள் கூட்டமாக இருந்தால் அதுவே அடையாளம். 2, 3 அங்குல வெள்ளை ஃப்ளையை 7 அல்லது 8 வெயிட் ராடில் 1எக்ஸ் டிப்பெட்டோடு கட்டி, ஓட்டத்தோடு இழுக்காமல் விடுங்கள். செத்த மீன் நீந்தாது. இழுத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் பெரிய பிரவுன் ட்ரவுட்டைத் தவறவிடுகிறார்கள்.

மார்ச் மாத மேகமூட்டமான மதியங்களில் புளூ விங்டு ஆலிவ் பூச்சி வரும். அதற்கு 18, 20ஆம் எண். ஏப்ரலில் நீர் 10 டிகிரியைத் தாண்டும் பகுதிகளில் கேடிஸ் பூச்சி எழும். அணை வாயருகே நீர் குளிர்ந்தே இருப்பதால் சில மைல் கீழே போய்த் தேடுங்கள். மீன் மேலே துள்ளியும் மிதக்கும் ஃப்ளையை எடுக்காவிட்டால், அது எழும்பி வரும் பூச்சியைத்தான் தின்கிறது. 14ஆம் எண் சாஃப்ட் ஹேக்கிள் என்ற ஃப்ளையைக் குறுக்காக வீசி, ஓட்டம் அதை வளைத்துக் கீழே கொண்டுபோக விடுங்கள். லைன் நேராகும் தருணத்தில் கடிக்கும். அப்போது ராடை வெடுக்கென்று தூக்காதீர்கள். மெல்லிய டிப்பெட் அறுந்துவிடும்.