பாடும் பறவைகள் தோட்டத்துக்கு வராமல் போவது ஏன்?

பாடும் பறவைகளை வரவழைக்க எண்ணித் தோட்டம் அமைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அதை அளவுக்கு மீறிச் சுத்தமாக வைத்திருப்பதுதான். உதிர்ந்த இலைகளை அன்றாடம் கூட்டி அள்ளிவிட்டு, இலையில் ஓர் ஓட்டை தென்பட்டதுமே பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டு, தானியத் தட்டைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆனால் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சி புழுக்களைத்தான் ஊட்டுகிறது. பூந்தேன் குடிக்கும் தேன்சிட்டும் குஞ்சின் வாயில் சிலந்தியையும் சிறு பூச்சிகளையும் வைக்கிறது. சுமார் 10 கிராம் எடையே உள்ள வட அமெரிக்கச் சிக்கடிப் பறவை, ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிடுவதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து தெளித்த தோட்டத்தில் அவ்வளவு புழுவுக்கு அது எங்கே போகும்?

எனவே புதரடியிலாவது சருகு கிடக்கட்டும். பாட்டில் பெரிய தேர்ச்சி இல்லாத தவிட்டுக்குருவிகள் கூட்டமாக அங்கே இறங்கி, ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டித் தள்ளி, அடியில் நெளிவதைக் கொத்திக்கொண்டு அடுத்ததற்குத் தாவுவதைப் பார்த்தவர்கள் மறுநாள் விளக்குமாற்றை எடுக்கத் தயங்குவார்கள்.

செடிகளைப் பூவின் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. இலை தின்னும் பூச்சிகளில் பல, தாம் காலங்காலமாகப் பழகிய மண்ணின் செடிகளை மட்டுமே உண்ணக்கூடியவை என்பதால், வெளியிலிருந்து கொண்டுவந்த அலங்காரச் செடிகள் பசுமையாக இருந்தாலும் பறவைக்கு வெறும் பந்தலாகவே நிற்கின்றன. அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால் மகரந்தமும் விதையும் குறைவு. புல்தரை ஒன்று, உயர்ந்த மரம் ஒன்று, இடையில் வெறுமை என்ற அமைப்பும் உதவாது. கூடு கட்டவும் வல்லூறு வந்தால் பாய்ந்து ஒளியவும் இடுப்பளவு, ஆளுயர அடர்புதர்கள் வேண்டும், முள் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் புதர்களைக் கூடு கட்டும் பருவத்தில் கத்தரிக்கக் கூடாது.

தண்ணீர்த் தொட்டியின் ஆழம் 2.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருந்தால் போதும். வழவழப்பான ஆழத் தொட்டியில் சிறு பறவைக்குக் கால் ஊன்ற முடியாது என்பதால், அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால் உள்ளே தட்டையான கல்லை வைக்கலாம். கொசு முட்டையிட்டுப் பெருகாதபடி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைப்பது நல்லது.

பலரும் நினைத்துப் பாராதது சன்னல் கண்ணாடி. அதில் தெரியும் மரத்தின் பிம்பத்தை நோக்கிப் பறந்து மோதி இறக்கும் பறவைகள், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடிக்கும் மேல் என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. தீனித்தட்டைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால் பறவை வேகமெடுப்பதற்குள் மோதுவதால் அடி குறைவு; இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் வைக்கலாம், இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. பருந்து உருவம் ஒன்றை ஒட்டுவதால் பயனில்லை; கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருக்க வேண்டும்.

கூட்டுப்பெட்டி வாங்கினால், துளைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பிடுங்கிவிடலாம். பொந்தில் கூடு வைக்கும் பறவைக்கு அது தேவையில்லை. குஞ்சைத் திருட வருபவைதான் அதில் வசதியாக நிற்கும்.